ஹெட் ஆபீஸ் கூப்பிடுகிறது... உடம்பும் வீடும் தயாரா?

கையில் ஒரு கிலோ ஜாங்கிரி டப்பா. முகமெல்லாம் சிரிப்பு. மதுரையில் வங்கிக் கிளையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கும் மனிதர், வாசற்படி ஏறும்போதே சத்தமாகச் சொல்கிறார்: ''ப்ரமோஷன் வந்துடுச்சு! மும்பை ஹெட் ஆபீஸ்!''

டப்பாவைப் பிரிப்பதற்குள் கேள்விகள் வந்துவிடுகின்றன.

''என் ஸ்கூல் வேலை என்னங்க ஆகும்?'' - இது மனைவி.

''எனக்கு இது டென்த்ப்பா!'' - இது மகன்.

''நான் இங்கேயே இருந்துக்கறேன்ப்பா. நீங்க போயிட்டு வாங்க...'' - இது அம்மா. சொல்லும்போதே குரல் கம்முகிறது.

அன்று ராத்திரி அந்த வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. ஜாங்கிரி அப்படியே இருக்கிறது.

இது ஒரு கற்பனைக் குடும்பம்தான். ஆனால் வங்கியிலும் இன்ஷூரன்ஸிலும் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், ''எங்க வீட்டுக் கதையை யார் சொன்னது?'' என்பார்கள். ஸ்டேட் பாங்குக்கும் எல்.ஐ.சி.க்கும் தலைமை அலுவலகம் மும்பையில்தான். மேலே போக வேண்டுமானால் என்றாவது ஒருநாள் அந்த ஊர் ரயிலைப் பிடித்தாக வேண்டும்.

போகலாமா, வேண்டாமா? சம்பளத்தைக் கணக்குப் போடுகிறோம், வாடகையைக் கணக்குப் போடுகிறோம். உடம்பைக் கணக்கில் சேர்க்க மட்டும் மறந்துவிடுகிறோம்.

சந்தோஷமும் சுமைதான்!

''நல்ல விஷயம்தானே நடந்திருக்கு, இதுல என்ன டென்ஷன்?'' என்று கேட்பீர்கள். 1967ல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டார்கள். கணவனோ மனைவியோ இறந்துபோனால் 100. கல்யாணத்துக்கு 50! நல்லதோ கெட்டதோ, புதுசாக ஒன்று வந்தால் உடம்பும் மனசும் அதற்குப் பழகியாக வேண்டும். அந்தப் பழகும் வேலைக்குத்தான் இந்த மார்க்.

நம் மதுரைக்காரருக்கு அந்தப் பட்டியல்படி கூட்டிப் பார்ப்போமா? ஆபீஸில் பொறுப்பு மாறுகிறது - 29. வருமானம் மாறுகிறது - 38. வேலை நேரமும் சூழ்நிலையும் - 20. வீடு மாற்றம் - 20. வாழும் வசதிகளில் மாற்றம் - 25. மனைவி வேலையை விடுகிறார் - 26. பிள்ளைக்குப் புதுப் பள்ளிக்கூடம் - 20. அக்கம்பக்கம், நட்பு வட்டம் - 18. தூக்கம் - 16. சாப்பாடு - 15.

மொத்தம் 227! 150க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 150லிருந்து 299 வரை நோய் வரும் வாய்ப்பு நடுத்தரம். 300ஐத் தொட்டால் அதிகம் என்பது அவர்கள் கணக்கு. இது ஜாதகம் அல்ல. 227 வாங்கியவர் எல்லோரும் படுத்துவிடப் போவதில்லை. ஒரே ஒரு ஆபீஸ் கடிதம் எத்தனை மாற்றங்களை ஒரே நேரத்தில் வீட்டுக்குள் கொண்டுவருகிறது என்று பார்க்க இது ஒரு வழி, அவ்வளவுதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

புது இடம், புது மேலதிகாரி, புது பாஷை. உடம்பு இதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. நாலு நாளில் அடங்கிவிட்டால் தொந்தரவு இல்லை. மாதக்கணக்கில் நீடித்தால்தான் தூக்கம் கெடுகிறது, வயிறு எரிகிறது, எடுத்ததற்கெல்லாம் எரிச்சல் வருகிறது. ஏற்கெனவே பி.பி., சர்க்கரை உள்ளவர்களுக்கு மாத்திரை போட்டும் கட்டுப்படாமல் போகலாம்.

இதோடு வேலை நேரமும் சேர்ந்துகொள்கிறது. வாரத்துக்கு 35லிருந்து 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரத்துக்கு மேல் செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவிகிதம் அதிகம். மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவிகிதம் அதிகம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021ல் சேர்ந்து வெளியிட்ட கணக்கு இது. மும்பையில் வாடகைக்குப் பயந்து டோம்பிவிலியில் வீடு பிடித்தால், ஆபீஸ் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல் மின்சார ரயிலில் நெரிசல். இதெல்லாம் எந்த ஆபீஸ் ரிஜிஸ்டரிலும் ஏறாத நேரம்!

''நான் மட்டும் போறேன்...''

பல வீடுகளில் கடைசியில் இதுதான் முடிவாகிறது. அவர் அங்கே ஒரு ரூமில், குடும்பம் இங்கே. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஹோட்டல் சாப்பாடு. மாத்திரை ஞாபகம் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்க ஆளில்லாத சாயங்காலங்கள். சிலருக்கு சிகரெட், குடி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இங்கே மனைவிக்கு? பையனின் படிப்பு, மாமியாரின் மூட்டுவலி, கேஸ் சிலிண்டர், கரன்ட் பில், தன் சொந்த வேலை எல்லாம் ஒற்றை ஆள் பொறுப்பு. தன் உடம்பைக் காட்ட டாக்டரிடம் போவதைத்தான் அவர் தள்ளிப் போடுவார். ப்ரமோஷன் ஒருவருக்கு, பி.பி. இருவருக்கு என்று ஆகிவிடக் கூடாது, இல்லையா?

விசுவாசம் என்றால் என்ன?

ஹெட் ஆபீஸ் கூப்பிடுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. கிளையில் இருப்பவருக்குக் கிளைதான் தெரியும். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்தால் முழு நிறுவனமும் எப்படி ஓடுகிறது என்று தெரியும். முடிவெடுக்கும் பெரியவர்களுக்கு நம்மையும் தெரியும். அடுத்த பதவிக்கு அது படிக்கட்டு. உண்மையான லாபம்தான்.

ஆனால் பலரை ரயில் ஏற்றுவது லாபம் அல்ல, பயம். 'மறுத்தால் விசுவாசம் இல்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ?'

சட்டம் இதில் பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம்தான். பதவி உயர்வோடு சண்டிகர் வட்டாரத்திலிருந்து வேறு மாநிலத்துக்கு அனுப்பப்பட்ட வங்கி அதிகாரி ஒருவர், மனைவி வேலை பார்க்கும் ஊரிலேயே தனக்கும் இடம் வேண்டும் என்று கேட்ட வழக்கில், 1991ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: முடிந்தவரை தம்பதியை ஒரே ஊரில் வைப்பது நல்லது, ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது. அதே சமயம், கதவு முழுசாக மூடியும் இல்லை. அரசு ஊழியர் தம்பதியை முடிந்தவரை ஒரே ஊரில் வைக்கச் சொல்லும் மத்திய அரசின் வழிகாட்டுதல் 1986லிருந்து இருக்கிறது. பொதுத்துறை வங்கிகளில் வேலை பார்க்கும் திருமணமான பெண்கள் கேட்டால், கணவர் இருக்கும் ஊரிலோ அருகிலோ இடம் தரும்படி 2014ல் நிதி அமைச்சகம் அறிவுறுத்தியது. எழுதிக் கேட்பதில் தப்பே இல்லை.

கம்பெனி விசுவாசத்துக்குப் பேர்போன ஜப்பானையே பாருங்கள். குடும்பத்தை விட்டுத் தனியாக வெளியூர் போய் வேலை பார்ப்பதற்கு அங்கே 'தான்ஷின் ஃபுனின்' என்று தனிப் பெயரே உண்டு. வயதான தாய், வேலைக்குப் போகும் மனைவி, இரண்டு வயதுக் குழந்தை என்று காரணம் சொல்லி மாற்றலை மறுத்த ஒருவரின் வேலை பறிபோனது. வழக்குப் போட்டார். 'இது சாதாரணமாகத் தாங்கிக்கொள்ள வேண்டிய கஷ்டம்தான்' என்று 1986ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதே ஜப்பானில் 2024 ஏப்ரலிலிருந்து, எந்தெந்த ஊருக்கு மாற்றல் வரலாம் என்பதை வேலையில் சேரும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று விதி வந்திருக்கிறது.

விசுவாசம் இரண்டு பக்கமும் ஓட வேண்டிய வண்டி. ஊழியரின் வீட்டை நினைத்துப் பார்க்கும் நிறுவனத்துக்கு ஊழியரும் மனசார உழைப்பார்.

போவதென்றால்...

* முதலில் விவரம் கேளுங்கள். எத்தனை வருஷம்? குவார்ட்டர்ஸ் உண்டா? பரீட்சை முடியும்வரை சேரும் தேதியைத் தள்ள முடியுமா?

* முடிந்தால் குடும்பத்தோடு நாலு நாள் போய்த் தங்கிப் பாருங்கள். காலை நெரிசலில் ஒருமுறை ஆபீஸ் வரை போய் வாருங்கள்.

* பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளையை நடு வருஷத்தில் பிடுங்கி நடாதீர்கள். மகாராஷ்டிரத்தில் பத்தாவது வரை மராத்தி கட்டாயம் என்று 2020ல் சட்டம் வந்திருக்கிறது. புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டா என்று பள்ளியில் கேளுங்கள்.

* எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஊர் மாறட்டும், சாப்பிடும் நேரமும் தூங்கும் நேரமும் காலை நடையும் மாற வேண்டாம். மார்க் குறையும்!

* மருத்துவ ரிப்போர்ட்டுகளையும் ஒரு மாத மாத்திரையையும் கைப்பையில் வையுங்கள். போன இரண்டு வாரத்துக்குள் அங்கே ஒரு டாக்டரைப் பார்த்து பி.பி., சர்க்கரை சோதித்துக்கொள்ளுங்கள்.

* தனியாகப் போனால், எப்போது மறுபடி ஒரே கூரைக்கு வருவது என்று தேதி குறித்துவிட்டுப் போங்கள். 'பார்க்கலாம்' என்று போனவர்கள் பல வருஷம் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரென்று கை கால் மரத்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் இருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மறுப்பதென்றால்?

அதையும் நிதானமாக, காரணத்தோடு, மரியாதையாக எழுதிக் கொடுங்கள். அடுத்த வாய்ப்பு எப்போது வரும், விதி என்ன என்று தெரிந்துகொண்டே மறுங்கள். மறுத்துவிட்டு வருஷம் முழுக்க மனைவியையும் அம்மாவையும் குறை சொன்னால், அதுவும் ரத்த அழுத்தத்தில்தான் போய் முடியும்.

நம் மதுரைக்காரர் மறுநாள் காலையில் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினார். பரீட்சை முடியும்வரை அவகாசம் கேட்டு ஒரு பக்கம் கடிதம் எழுதினார். பதில் என்ன வருமோ தெரியாது. ஆனால் அன்றைக்கு ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கினார்கள். ஜாங்கிரியும் காலியானது - சர்க்கரை உள்ள அம்மாவுக்கு மட்டும் ஒரே ஒரு விள்ளல்!