பித்தப்பை நீக்கப்பட்டவர்களின் உணவும் உடல் எடையும்

பெங்களூரு நகரிலுள்ள நீலசந்திராவில் தமிழ், கன்னடம், உருது முதலிய மொழிகளைப் பேசும் குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன. அங்கு ஒரு வீட்டில் ராகிக் களியும் கீரைக் குழம்பும், அடுத்த வீட்டில் இட்டிலியும் சாம்பாரும், அதற்கடுத்த வீட்டில் பிரியாணியும் சமைக்கப்படுவதைக் காணலாம். இத்தகைய இல்லம் ஒன்றிற்குப் பித்தப்பை நீக்கப்பட்ட ஒருவர் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது, அவருக்கு இருவகை அறிவுரைகள் கிடைப்பது வழக்கம். "இனி எண்ணெயே ஆகாது, கஞ்சிதான் ஆகாரம்" என்பர் சிலர். "கல்தான் போய்விட்டதே, இழந்த பலத்தைப் பெற நெய்யும் இறைச்சியும் தாராளமாக உண்ணலாம்" என்பர் வேறு சிலர். முதல் வழியில் செல்வோர் போதிய சத்தின்றிச் சோர்வடைகின்றனர். இரண்டாம் வழியில் செல்வோர் வேண்டாத எடையைத் தேடிக்கொள்கின்றனர். இவ்விரண்டும் ஏன் தவறானவை என்பதை அறிய, பித்தப்பையின் தொழிலை முதலில் அறிதல் வேண்டும்.

பித்தப்பையின் தொழில்

பித்தநீரைச் சுரப்பது பித்தப்பை அன்று, கல்லீரலே ஆகும். வளர்ந்த ஒருவரின் கல்லீரல் நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. பித்தப்பை அதில் ஒரு பகுதியை வாங்கி, நீரை உறிஞ்சிச் செறிவாக்கிச் சேமித்து வைக்கிறது. அதன் கொள்ளளவு சுமார் 30 முதல் 50 மில்லிலிட்டர் மட்டுமே. கொழுப்புள்ள உணவு முன்சிறுகுடலை அடைந்ததும், கோலிசிஸ்டோகைனின் என்னும் இயக்குநீர் குடற்சுவரிலிருந்து வெளிப்பட்டுப் பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது. சேமிக்கப்பட்ட பித்தநீர் குடலில் இறங்கி, கொழுப்பை நுண்ணிய துளிகளாகச் சிதைத்து, செரிமானத்திற்குத் துணைபுரிகிறது.

ஆகவே, பித்தப்பை நீக்கப்பட்ட பின்னரும் பித்தநீர் சுரப்பது நிற்பதில்லை. சேமிப்புக்கலம் மட்டுமே இல்லாமற் போகிறது. பித்தநீர் சிறிது சிறிதாக, இடைவிடாமல் குடலுக்குள் ஒழுகிக்கொண்டிருக்கும். குதிரை, யானை, ஒட்டகம் ஆகிய விலங்குகளுக்கு இயற்கையிலேயே பித்தப்பை கிடையாது. எனினும் அவை நன்கு வாழ்கின்றன. வகுப்பில் இப்பொருளை விளக்கும் ஆசிரியருக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

அறுவைச் சிகிச்சையின் வரலாறு

1882 ஆம் ஆண்டு ஜூலை 15 ஆம் நாள், பெர்லின் நகரில் கார்ல் லாங்கன்புக் என்னும் அறுவை மருத்துவர் முதன்முதலாகப் பித்தப்பையை முழுமையாக நீக்கினார். நோயாளி 43 வயதினர். பதினாறு ஆண்டுகள் வலியால் வருந்தி உடல் மெலிந்தவர். சில வாரங்களில் அவர் தேறி வீடு திரும்பினார். பித்தப்பையின்றி மனிதன் வாழ இயலும் என்பது அன்று உறுதியாயிற்று. வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கருவி வழியே செய்யும் முறையை 1985 இல் ஜெர்மானிய மருத்துவர் எரிக் மூஹே கையாண்டார். 1990 இல் மும்பையில் மருத்துவர் டெம்டன் உத்வாடியா அம்முறையை இந்தியாவில் தொடங்கி வைத்தார்.

நம் நாட்டில் இந்நோய் எங்கும் ஒரே அளவில் காணப்படுவதில்லை. இரயில்வே ஊழியர்களிடையே மருத்துவர் மல்ஹோத்ரா நடத்தி 1968 இல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்தியரைவிட வட இந்தியரிடம் பித்தக்கல் ஏழு மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. ஆயினும் தென்னாட்டு மருத்துவமனைகளிலும் இவ்வறுவைச் சிகிச்சை இன்று வழக்கமானதே. எனவே இதன் பின்னர்க் கொள்ள வேண்டிய உணவு முறையைப் பணியாளர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதற் சில வாரங்கள்

அறுவைக்குப் பின் முதற் சில நாட்களில் இட்டிலி, இடியாப்பம், குழைந்த சோறு, பருப்பு நீர், மோர் போன்ற எளிய உணவு ஏற்றது. பின்னர்ப் படிப்படியாக வழக்கமான உணவிற்குத் திரும்பலாம். ஒரே வேளையில் மிகுந்த கொழுப்பை உண்டால், ஒழுகிவரும் பித்தநீர் அதற்குப் போதாமல் வயிற்றுப் பொருமலும் பேதியும் நேரலாம். ஆதலால் மூன்று பெரிய வேளைகளுக்குப் பதிலாக, அதே அளவு உணவை ஐந்து சிறு வேளைகளாகப் பிரித்து உண்பது நலம். உணவின் மொத்த அளவு கூடிவிடக் கூடாது என்பதை இங்கு வற்புறுத்திக் கூற வேண்டும்.

சிலருக்குப் பித்த அமிலங்கள் பெருங்குடலை எட்டி மலத்தை இளகச் செய்யும். பெரும்பாலோர்க்கு இது சில வாரங்களிலோ மாதங்களிலோ தணியும். வறுத்த பொருள்கள், கடுங்காப்பி, மிகுந்த காரம் ஆகியவற்றைக் குறைத்து, ஓட்ஸ், பழம், வெந்த காய்கறி முதலிய நார்ப்பொருளைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் பயன் உண்டு. நார்ப்பொருளை ஒரே நாளில் மிகுதியாகச் சேர்த்தால் வயிற்றில் வாயு பெருகும். பேதி நீடித்தால் அதற்கு மருந்து உண்டு. மருத்துவரை அணுக வேண்டும். நீரிழிவுக்கு உட்கொள்ளும் சில மருந்துகளும் பேதியை உண்டாக்கலாம். நோயாளி தாமாகவே அவற்றை நிறுத்தலாகாது.

எண்ணெயை அறவே விலக்குவதும் தீங்காகும். வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பின் துணையாலேயே உடலிற் சேர்கின்றன.

எடை கூடுவது ஏன்?

பித்தப்பை இல்லாமையால்தான் உடல் பருத்தது என்று பலர் கருதுகின்றனர். பெரும்பாலும் காரணம் வேறாகும். நோயுற்ற காலத்தில் வலிக்கு அஞ்சிக் குறைவாக உண்டவர், வலி நீங்கியதும் விரும்பியவற்றை மிகுதியாக உண்கிறார். தையல் பிரிந்துவிடும் என்னும் அச்சத்தால் நடையும் வேலையும் குறைகின்றன. உண்பது கூடி, உழைப்புக் குறையின் எடை கூடுவது இயல்பே.

ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியைத் தருகிறது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரியே தருகின்றன. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 40 கலோரி உண்டு. நாள்தோறும் இரண்டு தேக்கரண்டி கூடுதலாகச் சேர்ந்தால், ஓராண்டில் ஓரிரு கிலோ எடை கூடுவதற்கு அதுவே போதும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2000 கலோரி உணவில் எண்ணெய், நெய் முதலியவை 27 கிராம் அளவில் இருக்கலாம். இவ்வளவின்படி நால்வர் உள்ள குடும்பத்திற்கு மாதத்திற்கு ஏறக்குறைய மூன்றரை லிட்டர் போதுமானது. வீட்டில் மாதந்தோறும் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்கப்படுகிறது என்று கேட்பது, பணியாளர் கையாளக்கூடிய மிக எளிய சோதனையாகும். எடையைக் குறைக்க வேண்டியவர் இவ்வளவிற்கும் கீழே செல்லலாம்.

எடையை மெல்லக் குறைப்பதே முறை. வாரத்திற்கு அரைக் கிலோ என்பது தக்க அளவு. பட்டினி கிடந்து விரைவாக மெலிவது தசையை அழிக்கும். பித்தப்பை உள்ளவர்க்கோ, விரைவான மெலிவே புதிய கற்களை உண்டாக்கக்கூடும். ஆதலால் நோயாளியைப் பார்த்து வீட்டிலுள்ள ஏனையோரும் உபவாசத்தில் இறங்காதபடி எச்சரிக்க வேண்டும்.

ஒரு நாளைய உணவு

கீழ்க்கண்டது, உடல் தேறியவர்க்கான ஒரு மாதிரியே. அளவை அவரவர் எடைக்கும் உழைப்பிற்கும் ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும்.

காலை: இட்டிலி, காய்கறி மிகுந்த சாம்பார்.
முற்பகல்: மோர், ஒரு கொய்யாப்பழம்.
நண்பகல்: சிறிய ராகிக் களி உருண்டை அல்லது அளவான சோறு, பருப்பு, கீரை, இறைச்சி உண்போர்க்கு வறுக்காத மீன் குழம்பு.
மாலை: வடை, பஜ்ஜிக்குப் பதிலாகச் சுண்டல்.
இரவு: எண்ணெய் குறைந்த சப்பாத்தி, காய்கறிக் கூட்டு.

பண்டிகை நாட்களில் பிரியாணியை முற்றிலும் மறுக்க வேண்டுவதில்லை. வழக்கமான அளவிற் பாதியை, வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடியுடன் உண்ணலாம். ராகியில் நார்ப்பொருளும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. ஆயினும் அளவின்றி உண்டால் ராகியும் எடையைக் கூட்டவே செய்யும்.

மருத்துவர் அனுமதித்த நாள் முதல் மெதுவாக நடக்கத் தொடங்கி, நாளொன்றுக்கு அரை மணி நேரம் வரை கூட்ட வேண்டும். தண்ணீர்க் குடம், சிலிண்டர் போன்ற பளுவைத் தூக்குவதை மட்டும் மருத்துவர் குறிப்பிடும் காலம் வரை தவிர்க்க வேண்டும்.

உடனே கவனிக்க வேண்டிய குறிகள்

பித்தப்பை நீக்கப்பட்ட பின்னரும் பித்த நாளத்தில் கல் தங்கியிருக்கக் கூடும். கண்கள் மஞ்சளித்தல், சிறுநீர் கறுத்தல், மலம் வெளுத்தல், குளிர்க்காய்ச்சல், வலப்பக்க மேல்வயிற்றில் கடும் வலி, இடைவிடாத வாந்தி ஆகியவை தோன்றினால், உணவுக் கட்டுப்பாட்டினால் தீரும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். முயற்சியின்றியே எடை தொடர்ந்து குறைந்துவரினும் மருத்துவச் சோதனை அவசியமாகும்.

பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

வீடு செல்லும் பணியாளர் முதல் வருகையிலேயே எடையையும் இடுப்புச் சுற்றளவையும் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை ஒப்பிட வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் மிஞ்சலாகாது. நோயாளியிடம் மட்டுமன்றி, சமையல் செய்பவரிடமும் பேச வேண்டும். எண்ணெய்க் கரண்டி அவர் கையிலேயே உள்ளது. நோயாளியே சமைப்பவராயின், தம் பங்கைக் கடைசியில் மிஞ்சியதைக் கொண்டு முடித்துக்கொள்ளாமல், வேளையறிந்து உண்ணும்படி குடும்பத்தினர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பித்தப்பையை இழந்தவர் வாழ்நாள் முழுதும் நோயாளி அல்லர். முதற் சில வாரப் பொறுமைக்குப் பின், வீட்டார் அனைவரும் உண்ணத்தக்க அளவான நல்லுணவே அவருக்கும் உரிய உணவாகும். இதனை ஒவ்வொரு வீட்டிலும் எளிய சொற்களால் விளக்கிக் கூறினால், வீண் அச்சமும் வேண்டாத பருமனும் ஒருங்கே குறையும்.