வன்னி: ஒரு சொல்லும் இரு மருந்தும்

பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற விருத்தாசலம், தேவாரத்தில் முதுகுன்றம் எனப் பாடப்பெற்ற பழம்பதியாகும். ஆங்குள்ள பழமலைநாதர் கோயிலின் தலமரம் வன்னி. திருப்பணி செய்தார்க்கு விபசித்து முனிவர் இம்மரத்தின் இலைகளைக் கூலியாக அளித்தார் என்றும், அவை அவரவர் உழைப்பிற்கேற்பப் பொன்னாயின என்றும் தலவரலாறு கூறும். அக்கதை நிற்க. அம்மரத்தின் மருத்துவப் பொருள்கள் யாவை என்பதையும், வன்னி என்னும் சொல்லைச் சுவடிகளிற் காண்போர் கருதவேண்டுவது யாது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

வன்னி வறண்ட நிலத்தும் தழைக்கும் முள்மரம். அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது. தாவர நூலார் இதனைப் புரோசாபிஸ் சினரேரியா என்பர். முன்னைய நூல்களில் புரோசாபிஸ் ஸ்பைசிஜெரா என்னும் பெயர் காணப்படும். இதன் சிறு மஞ்சட்பூக்கள் கதிர்போல் நெருங்கி மலரும். பூவின் சாற்றினின்று பட்டுலிட்ரின் முதலிய ஃபிளேவனாய்டுகளையும், இலையினின்று ஸ்பைசிஜெரின் என்னும் அல்கலாய்டையும் வேதியியலார் பிரித்தெடுத்துள்ளனர். பட்டையில் துவர்ப்புத் தரும் டானின் உண்டு. பட்டையை இருமலுக்கும் ஈளைக்கும் வழங்குதல் நாட்டு மருத்துவ வழக்கு. பூவை இடித்துச் சருக்கரையொடு கலந்து, கருச்சிதைவு நேராவண்ணம் கருவுற்ற மகளிர்க்குக் கொடுத்தலும் உண்டு. இவை வழக்கென்று கொள்ளற்பாலனவேயன்றி, ஆய்வால் நிறுவப்பெற்ற முடிபுகள் அல்ல.

இனி, சொல்லை நோக்குவாம். வன்னி என்பது மரத்தின் பெயராதலோடு, வடசொல் வழியாகத் தீயையும் குறிக்கும். வேர் பட்ட தோலைச் சுடும் இயல்பினதாகலின், கொடிவேலிக்குத் தீயின் பெயர்கள் பல வழங்கின. வன்னி என்பதும் அவற்றுள் ஒன்று. வெண்பூப் பூக்கும் இச்செடியைப் பிளம்பாகோ செய்லானிக்கா என்பர். இதன் வேரில் பிளம்பஜின் என்னும் மஞ்சள்நிறப் பொருள் உளது. அது தோலைக் கொப்புளிக்கச் செய்வது. கொடிவேலி வேர் கருவைச் சிதைக்க வல்லது என்பதும் மருத்துவர் அறிந்ததே. கருவைக் காக்க வழங்கும் பூவிற்கும், கருவைச் சிதைக்கும் வேருக்கும் பெயர் ஒன்றாயிற்று! சொல்லை மட்டும் நம்பி மருந்து கூட்டின் விளைவு என்னாகும்?

ஆகவே, சுவடியிற் காணும் வன்னி யாதெனத் துணிதற்கு இடம் நோக்கல் வேண்டும். பூ, பட்டை, காய் என்பன வேண்டப்படின் மரமெனக் கொள்ளலாம். வேர் வேண்டப்பட்டு, முதற்கண் அதனைச் சுத்தி செய்க என்றும் விதிக்கப்படின் கொடிவேலி எனக் கருதுக. செரிமான மருந்துகளில் சுக்கு, மிளகு, திப்பிலியோடு சேர்ந்து வருவதும் பெரும்பாலும் கொடிவேலியே. இவற்றாலும் துணிதற்கியலாத இடத்து, இரு பொருளையும் அடிக்குறிப்பிற் காட்டி, மருத்துவரின் முடிவிற்கு விடுதலே பதிப்பாசிரியர் கடன்.

இலக்கியத்தில் ஒரு சொல்லைப் பிறழ உணர்ந்தால் கெடுவது பாட்டின் பொருள். மருத்துவச் சுவடியிற் பிறழ உணர்ந்தால் கெடுவது உயிர். முதுகுன்றத்து வன்னியின் நிழலில் நிற்பார் இதனை மறவாதிருத்தல் நன்று.