வீடியோ கால் சாஃப்ட்வேர் இலவசம்தான்... உங்க பேங்க் பேலன்ஸ் பத்திரமா?



போன ரிட்டர்ன் சீசன்ல ஒரு நாள் ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு போன் வந்தது. நான் ரிட்டர்ன் ஃபைல் பண்ணிக் கொடுத்த ஒரு தம்பி. வயசு 26, ஐடி வேலை. "சார், ரீஃபண்ட் விஷயமா இன்கம் டாக்ஸ்ல இருந்து வீடியோ கால்ல பேசிட்டு இருக்காங்க. திடீர்னு லேப்டாப் ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு. என்ன பண்றதுன்னு தெரியல"ன்னு சொன்னார்.

நான் சொன்ன முதல் வார்த்தை: "வைஃபையை ஆஃப் பண்ணுங்க, உடனே."

அதுக்குள்ள 84,000 ரூபாய் போயிடுச்சு. வீடு மாறுறதுக்கு அட்வான்ஸ் கொடுக்க அவர் சேர்த்து வச்சிருந்த பணம் அது.

எப்படி போச்சு?

அந்தத் தம்பி யார்கிட்டேயும் ஓடிபி சொல்லல. பாஸ்வேர்டும் கொடுக்கல. "உங்க ரீஃபண்ட் தடைபட்டிருக்கு, இந்த லிங்க்ல வீடியோ கால்ல வாங்க"ன்னு மெசேஜ் வந்திருக்கு. லிங்க்கைத் திறந்தா, "உங்க மீட்டிங் சாஃப்ட்வேர் பழசு, அப்டேட் பண்ணுங்க"ன்னு ஒரு பக்கம். இவரும் டவுன்லோட் பண்ணி இன்ஸ்டால் பண்ணிட்டார்.

உள்ளே வந்தது மீட்டிங் சாஃப்ட்வேர் இல்லை. தூரத்தில் இருந்தே நம்ம கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் ஆக்சஸ் சாஃப்ட்வேர். "ரீஃபண்ட் வந்திருக்கான்னு நெட் பேங்கிங்ல பாருங்க"ன்னு எதிர்ப்பக்கம் சொல்ல, இவர் லாகின் பண்ணினார். அதோட ஸ்கிரீன் கறுப்பாச்சு. பின்னாடி டிரான்ஸ்ஃபர் நடந்துக்கிட்டு இருந்தது. ஓடிபி? போன்ல வர்ற எஸ்எம்எஸ் எல்லாம் லேப்டாப்பிலும் தெரியுற மாதிரி அவர் 'போன் லிங்க்' போட்டு வச்சிருந்தார். ஓடிபி நேரா எதிராளி கண்ணுக்கே போயிடுச்சு.

ரிமோட் ஆக்சஸ் சாஃப்ட்வேர் தப்பான பொருள் இல்லீங்க. நம்ம ஆபீஸ் ஐடி டீமே அதைத்தான் பயன்படுத்துறாங்க. ஆனா முன்பின் தெரியாத ஆள் சொல்லி இன்ஸ்டால் பண்ணினா, வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரிதான். 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் வழியா நடக்கிற மோசடி பத்தி ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளை எச்சரிச்சது.

இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி

முதல்ல ஒரு கேள்வி: இன்ஸ்டால் பண்ணியே ஆகணுமா? கூகுள் மீட் கம்ப்யூட்டர்ல பிரவுசர்லயே ஓடும். ஜூம், டீம்ஸ் ரெண்டிலும் பிரவுசர் வழியா சேர வழி இருக்கு. மாசத்துக்கு ஒரு மீட்டிங்னா அதுவே போதும்.

இன்ஸ்டால் பண்ணித்தான் ஆகணும்னா, நிறுவனத்தோட சொந்த தளத்துக்கு நீங்களே டைப் பண்ணிப் போங்க. இல்லைன்னா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல எடுங்க. மெசேஜ்ல வர்ற லிங்க், மீட்டிங் பக்கத்தில் குதிக்கிற 'அப்டேட்' பட்டன் ரெண்டும் வேண்டாம். உண்மையான அப்டேட் அந்த சாஃப்ட்வேரோட செட்டிங்ஸ் உள்ளேயே கிடைக்கும்.

ஸ்கைப் 2025 மே 5-ம் தேதியோட மூடியாச்சு. இனி யாராவது "ஸ்கைப் அப்டேட் பண்ணுங்க"ன்னு சொன்னா, அது மோசடிதான். பழைய ஸ்கைப் இன்னும் லேப்டாப்ல கிடந்தா, செட்டிங்ஸ் போய் ஆப்ஸ் பகுதியில் நீக்கிடுங்க. அப்படியே அந்த லிஸ்ட்டை ஒரு தடவை முழுசா பாருங்க. எப்பவோ யாரோ சொல்லி போட்ட ரிமோட் சாஃப்ட்வேர் இருந்தா அதையும் தூக்கிடுங்க.

எதுக்கு எந்த அனுமதி?

வெப் பக்கத்தில் கால் பேசும்போது பிரவுசர் மைக், கேமரா அனுமதி கேட்கும். குரோம்ல 'அலவ் திஸ் டைம்'னு ஒரு ஆப்ஷன் இருக்கு. தெரியாத தளத்துக்கு அதையே கொடுங்க. ஏற்கெனவே கொடுத்ததை, முகவரிக்கு இடது பக்கம் இருக்கிற சின்ன ஐகானைத் தொட்டு எடுத்துடலாம்.

வங்கி வீடியோ கேஒய்சி எடுத்துக்குங்க. அதுக்கு கேமரா, மைக், லொகேஷன் வேணும். பான் கார்டைக் காட்டச் சொல்வாங்க. ஸ்கிரீன் ஷேர் அதுல தேவையே இல்லை. கேட்டா வெளியே வந்துடுங்க.

இன்கம் டாக்ஸ் விஷயத்துக்கு வருவோம். வருமான வரித்துறையில் வீடியோ மூலம் விசாரணை உண்டு. ஆனா அது ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட்ல, நாம கோரிக்கை வச்சா நடப்பது. தகவல் இ-ஃபைலிங் போர்ட்டல்ல உங்க லாகின் உள்ளே வரும். வாட்ஸ்அப்ல லிங்க் வராது. ரீஃபண்ட் வாங்க யாரோடவும் பேச வேண்டாம். நீங்க முன்கூட்டியே வேலிடேட் பண்ணி வச்ச வங்கிக் கணக்குக்கு அதுவே வந்து சேரும். 'டிஜிட்டல் அரெஸ்ட்'னு ஒண்ணு நம்ம நாட்டுச் சட்டத்தில் கிடையவே கிடையாது என்பதையும் மனசுல வச்சுக்குங்க.

ஆபீஸ் மீட்டிங்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணியே ஆகணுமே? 'என்டயர் ஸ்கிரீன்' வேண்டாம். குறிப்பிட்ட டேப் இல்லைன்னா விண்டோ மட்டும் ஷேர் பண்ணுங்க. நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிடுங்க. பேஸ்லிப் திறந்து கிடக்க, மொத்த டீமும் சம்பளத்தைப் பார்த்த கதை எனக்குத் தெரியும்!

சத்தமில்லாம போற பணம்

மோசடி மட்டும் இல்லீங்க, ஆட்டோ ரின்யூவலும் ஒரு ஓட்டைதான். ஜூம் இலவச பிளான்ல ஒரு மீட்டிங்குக்கு 40 நிமிஷம். கூகுள் மீட்ல மூணு பேர் அல்லது அதுக்கு மேல இருந்தா 60 நிமிஷம். ஒரே ஒரு வகுப்புக்காக கட்டண பிளான் எடுத்துட்டு, வேலை முடிஞ்சதும் சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் பண்ணிடுறோம். சப்ஸ்கிரிப்ஷன் அப்படியே ஓடிக்கிட்டே இருக்கும். கணக்குக்குள்ள போய் கேன்சல் பண்ணினாத்தான் நிற்கும்.

கார்டு ஆட்டோ டெபிட்டுக்கு, பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னாடியே தகவல் வரணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காம தள்ளிவிடாதீங்க. சம்பளக்காரங்க இந்தச் செலவை வரியில் கழிக்கவும் முடியாது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனோட சரி.

ஏமாந்துட்டா?

1. இன்டர்நெட்டை துண்டிங்க. லேப்டாப்பை தொடாதீங்க.
2. போன்ல இருந்து வங்கிக்குச் சொல்லி நெட் பேங்கிங், கார்டு ரெண்டையும் பிளாக் பண்ணுங்க.
3. 1930-க்கு கால் பண்ணுங்க. தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் பதியுங்க.
4. பாஸ்வேர்டை வேற கருவியில் இருந்து மாத்துங்க.

ஏன் இவ்வளவு அவசரம்? 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைப்படி, நம்ம கவனக்குறைவால் நடந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரைக்கும் நம்ம தலையில். தெரிவிச்ச பிறகு நடந்தா அது வங்கியோட பொறுப்பு. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ரூபாய்க் கணக்கு இருக்கு.

அந்தத் தம்பி 20 நிமிஷத்துக்குள்ள 1930-க்குச் சொன்னதால, பணம் போன ஒரு கணக்கில் 31,000 ரூபாயை நிறுத்தி வைக்க முடிஞ்சது. அது கைக்கு வரவே மாசக்கணக்காச்சு. மீதி போனது போனதுதான். "வெட்கமா இருக்கு சார், வீட்ல சொல்லல"ன்னார். வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தா அந்த 31,000-மும் கிடைச்சிருக்காது.

இன்னைக்கு சாயங்காலம் பத்து நிமிஷம் ஒதுக்கி, உங்க லேப்டாப்ல இருக்கிற ஆப்ஸ் லிஸ்ட்டையும் பிரவுசர் அனுமதிகளையும் பாருங்க. ஊர்ல அப்பா அம்மாவோட பேச நீங்க ஏதாவது இன்ஸ்டால் பண்ணிக் கொடுத்திருந்தா, அதையும் சேர்த்துப் பாருங்க. அனுமதிகளை எடுப்பது எப்படின்னு ஸ்கிரீன்ல காட்டி நம்ம சேனல்ல வீடியோவா போடுறேன். அதுவரைக்கும் இதை உங்க ரூம்மேட்டுக்கு அனுப்பிடுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!