குழந்தைக்குக் கை முறிந்தால் ‘கட்டு’ போட்டால் போதுமா?

சேலம், நாமக்கல் பக்கம் பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்து கை வீங்கினால், வீட்டில் முதலில் வரும் பேச்சு இதுதான்: “புத்தூர் கட்டு போட்டுடலாம்!” கொஞ்சம் பொறுங்க. முதலில் எக்ஸ்ரே எடுக்கணும். ஏன்?

வளரும் எலும்பு: எலும்பு முனைகளில் ‘வளர்ச்சித் தட்டு’ என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கும். எலும்பு நீளமாவது இங்கேதான். பெண்களுக்குச் சுமார் 14-15, ஆண்களுக்கு 16-17 வயதில் இது மூடும். அதற்குள் இதில் அடிபட்டால், கை கால் வளைந்தோ குட்டையாகவோ வளரலாம். குழந்தை எலும்பு சீக்கிரம் சேரும். அதனால் பலருக்கு மாவுக்கட்டே போதும். ஆனால், தாமதித்தால் கோணலாகவும் சீக்கிரம் சேர்ந்துவிடும்.

ஆபத்து எங்கே? முழங்கைக்குச் சற்று மேலே ஏற்படும் முறிவு 5-7 வயதில் அதிகம். பக்கத்திலேயே முக்கிய ரத்தக்குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. வீங்கிய கையை இறுக்கிக் கட்டினால், சில மணி நேரத்தில் தசை செத்து, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடலாம். ஜெர்மன் மருத்துவர் வோல்க்மன் 1881-லேயே விவரித்த பாதிப்பு இது.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்: விரல் வெளுப்பது, நீலமாவது, மரத்துப்போவது, விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி. ஆஸ்பத்திரி மாவுக்கட்டுக்கும் இது பொருந்தும். ‘நாளைக்குப் பாக்கலாம்’ வேண்டாம்.

வீட்டில் என்ன செய்யலாம்? எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம். அட்டை வைத்து, கை அசையாமல் தளர்வாகக் கட்டுங்க. மயக்க மருந்து தேவைப்படலாம். அதனால் சாப்பிட எதுவும் கொடுக்காதீங்க. 108-ஐ அழைக்கலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே போங்க.