கெனல் என்னும் மீன் கொழுக்கட்டை

பிரான்சு நாட்டு லியோன் நகரின் புகழ்பெற்ற பண்டம் 'கெனல்'. மீன் கொழுக்கட்டை என்றால் நம்மவர்க்கு விளங்கும். ஆனால் அரிசி மாவு அதில் இல்லை.

'புரோஷே' என்ற நன்னீர் மீனின் சதை சுவையானது. முள்ளோ நுண்ணியது, ஏராளம். ஆகவே சதையை இடித்துச் சல்லடையில் தேய்த்து முள்ளை நீக்குவர். மைதா, பால், வெண்ணெய் மூன்றையும் கிளறிய களியை ஆறவிட்டு, முட்டையும் மீன் விழுதும் சேர்த்துப் பனிக்கட்டிமேல் குளிரவைப்பர். குளிர்ச்சி குன்றினால் வெண்ணெய் இளகும். விழுது உருவம் கொள்ளாது.

பிடித்து வைக்க இரண்டு கரண்டிகள் போதும். வெந்நீரில் நனைத்து, ஒன்றில் விழுதை அள்ளி, மற்றொன்றால் வழித்து வாங்கவேண்டும். மூன்று நான்கு முறை மாற்றினால் பட்டை தீட்டிய முட்டைபோல் வடிவம் வரும்.

விடுதிச் சமையலறையில் ரோகு மீனைக் கொண்டு நான் முதலில் முயன்றபோது, நீர் தளதளவென்று கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டும் கரைந்து கஞ்சியாயின! அழைத்திருந்த நண்பர்கள் ரொட்டியும் ஊறுகாயும் தின்று எழுந்தனர். நீர் இலேசாகச் சலசலக்கலாம், கொதிக்கலாகாது. மறுமுறை அவ்வாறே செய்தேன். பத்தில் எட்டுத் தேறின.

வெந்தவற்றைத் தட்டில் அடுக்கி, நாந்துவா என்ற ஏரிக்கரை ஊரின் பெயர்கொண்ட குழம்பை ஊற்றுவர். நன்னீர்ச் சிங்கிறால் வெண்ணெயும் பால் ஏடும் கலந்தது அது. பிறகு ரொட்டியடுப்பில் வைத்தால் கெனல் உப்பி எழும். வெளியே எடுத்துத் தாமதித்தாலோ பூரிபோல் அமுங்கிவிடும். எனவே இம்முறை நண்பர்களை இலைமுன் உட்காரவைத்த பிறகே அடுப்பைத் திறந்தேன்.