கப்பல் சொல்வதும் கடல் காட்டுவதும்

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்துக்காரர் கடல் பார்க்கக் கிளம்பினால் ராமேஸ்வரத்துக்கோ தூத்துக்குடிக்கோதான் பஸ் ஏறுவார். ஆனால் வரைபடத்தில் ஸ்கேலை வைத்து அளந்தால் அந்த ஊருக்கு மிக அருகிலுள்ள கடல் மேற்கே இருக்கிறது. போடி மேற்கு மலையையும் இடுக்கியையும் தாண்டி நேர்கோட்டில் 110 கிலோமீட்டர் சொச்சம் போனால் கொச்சிக் கரை. ராமேஸ்வரம் அதைப் போல இரண்டு மடங்கு தூரம்.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அந்தக் கடலில்தான் 2025 மே 25 அன்று ‘எம்எஸ்சி எல்சா 3’ என்ற லைபீரியக் கொடிக் கப்பல் மூழ்கியது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் கப்பலில் 640 கண்டெய்னர்கள் இருந்தன. அவற்றில் 13இல் அபாயகரமான சரக்கு. மாலுமிகள் 24 பேரும் மீட்கப்பட்டார்கள். சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரைவரை வந்து ஒதுங்கின. இப்படிப்பட்ட சரக்குக் கப்பல் எந்த நேரத்தில் எங்கே, என்ன வேகத்தில் போகிறது என்பதைத் துறைமுக அதிகாரி மட்டுமல்ல, கம்பத்தில் கைப்பேசி வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம். கப்பலே அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறது.

சொல்வது ஏஐஎஸ் என்று மாலுமிகள் அழைக்கும் தானியங்கி அடையாளக் கருவி. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும், அளவு எதுவானாலும் பயணிகள் கப்பல்களும் இதை வைத்திருக்க வேண்டும் என்பது 2004 இறுதிக்குள் முழுமையாக நடைமுறைக்கு வந்த விதி. ஓடும் கப்பல் சில விநாடிகளுக்கு ஒருமுறை தன் எண், இடம், வேகம், திசை ஆகியவற்றை விஎச்எஃப் அலைவரிசையில் ஒலிபரப்புகிறது. நங்கூரமிட்டு நிற்கையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. ஒரு கப்பல் இன்னொன்றின் மேல் மோதிவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. கரையில் ஆன்டெனா வைத்திருப்பவர்களும் பிறகு செயற்கைக்கோள்களும் அதை ஒட்டுக்கேட்கத் தொடங்கியபோதுதான் உலகக் கப்பல் போக்குவரத்தின் வரைபடம் பொதுவெளிக்கு வந்தது.

அந்த ஒலிபரப்பை அப்படியே நம்பிவிட முடியாது. கப்பல் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிற வாக்குமூலம் அது. எனவே முதல் சோதனையை அந்த வாக்குமூலத்துக்குள்ளேயே நடத்தலாம். கப்பலின் உடலோடு ஆயுள் முழுக்க ஒட்டியிருக்கும் ஏழு இலக்க எண் ஒன்று உண்டு. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பெயரால் ஐஎம்ஓ எண் என்பார்கள். பெயர் மாறலாம், கொடி மாறலாம், முதலாளி மாறலாம், இது மாறாது. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். 9074729 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்: 63, 0, 35, 16, 21, 4. மொத்தம் 139. கடைசி இலக்கம் 9. எண்ணும் 9இல் முடிகிறது, சரி. மனம்போன போக்கில் எழுதிய போலி எண் பத்துக்கு ஒன்பது முறை இந்தக் கணக்கிலேயே மாட்டிக்கொள்ளும். அடுத்தது, வானொலிக்கான ஒன்பது இலக்க எண். இந்தியக் கப்பல் என்றால் அது 419 என்று தொடங்கும். இலங்கை என்றால் 417. ஒரே எண் ஒரே நேரத்தில் வங்கக் கடலிலும் பாரசீக வளைகுடாவிலும் பேசினால், பேசுவது இரண்டு கப்பல்கள். பத்து நிமிடத்தில் நூறு கிலோமீட்டர் தாவிய சரக்குக் கப்பல், நிலத்தின் மேல் வட்டமடிக்கும் எண்ணெய்க் கப்பல் எல்லாம் வழக்கமாகக் கண்ணில் படுகிறவைதான். கருவி பழுதாகியிருக்கலாம், ஜிபிஎஸ் சிக்னலை யாரோ குழப்பியிருக்கலாம், அல்லது வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்கலாம்.

பொய் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2021 ஜூன் மாதம் கருங்கடல் காட்டியது. பிரிட்டனின் ‘டிஃபெண்டர்’, நெதர்லாந்தின் ‘எவர்ட்சன்’ என்ற இரு போர்க்கப்பல்கள் நள்ளிரவில் ஒடேசாவிலிருந்து புறப்பட்டு, ரஷ்யக் கடற்படைத் தளமான செவஸ்தபோலின் வாசல்வரை போனதாக ஏஐஎஸ் தடம் காட்டியது. அதே இரவு ஒடேசா துறைமுகத்தின் வெப்கேமராவில் இரு கப்பல்களும் கட்டிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தன. ஒரு போர் முகாந்திரத்தைப் பொய்யென்று காட்டியது, யாரும் பொருட்படுத்தாத ஒரு கேமரா.

ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த வித்தை கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்கும் புதிதல்ல. முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் ஆகியவை தினமும் பேப்பரில் வருகின்றன. வைகை அணையின் வரத்தும் வருகிறது. லோயர் கேம்பில் விட்ட தண்ணீருக்கும் வைகைக்கு வந்த தண்ணீருக்கும் கணக்கு இடித்தால், இடையில் என்ன நடந்தது என்று விவசாயிகள் கேட்பார்கள். தனித்தனியாக எந்த எண்ணும் எதையும் அம்பலப்படுத்துவதில்லை. இரண்டு எண்கள் ஒத்துப்போகாத இடத்தில்தான் கேள்வி பிறக்கிறது. பொதுத் தரவுகளை இணைத்துக் கடலைப் பார்ப்பதும் இதேதான்.

கேரளக் கரையில் இதற்கு ரத்தக்கறை படிந்த உதாரணங்கள் இருக்கின்றன. 2012 மார்ச் 1 அன்று ஆலப்புழை மாவட்டக் கரைக்கு அப்பால் ‘டான்-1’ என்ற மீன்பிடிப் படகின் மேல் ஒரு கப்பல் மோதிவிட்டு நிற்காமல் போனது. ஐந்து மீனவர்கள் இறந்தார்கள். படகில் ஏஐஎஸ் இல்லை. அதன் பக்கத்துச் சாட்சி, பிழைத்தவர்கள் சொன்ன நேரமும் இடமும் மட்டும்தான். அந்த நேரத்தில் அந்த இடத்தைக் கடந்த கப்பல்கள் எவை என்ற கேள்வியோடு தேடல் தொடங்கி, ‘பிரபு தயா’ என்ற சரக்குக் கப்பலில் போய் முடிந்தது. அது சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. 2017 ஜூன் 11 அன்று கொச்சிக்கு அருகே ‘கார்மல் மாதா’ படகை மோதியதாக ‘ஆம்பர் எல்’ என்ற பனாமாக் கொடிக் கப்பல் பிடிபட்டது. தடம் மட்டுமே நீதிமன்றத்துக்குப் போதாது. கப்பலின் உடலில் உரசல், பெயிண்ட், பதிவுப் பெட்டி எல்லாம் வேண்டும். ஆனால் எந்தக் கப்பலைத் தேடுவது என்று தெரியாமல் பெயிண்டை எங்கே போய்ச் சுரண்டுவது?

பேசாத கப்பலை என்ன செய்வது என்பதுதான் கடினமான பகுதி. அங்கே ரேடார் உதவிக்கு வருகிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோள் 2014இலிருந்து படமெடுத்துத் தருகிறது. படங்கள் எல்லோருக்கும் இலவசம். இருட்டும் மேகமும் ரேடாருக்குத் தடையில்லை. சாய்வாக விழும் ரேடார் அலையை அமைதியான கடல் அப்பால் எறிந்துவிடுவதால் கடல் கறுப்பாகத் தெரிகிறது. இரும்புக் கப்பலின் மூலைகளில் பட்ட அலை வந்த வழியே திரும்புவதால் கப்பல் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. எண்ணெய் படர்ந்த இடத்தில் சிற்றலைகள் அடங்கிவிடுவதால், அது கறுப்புக்குள் இன்னும் கறுப்பாகத் தெரியும்.

இந்தப் புள்ளிகளின் மேல் அதே விநாடியின் ஏஐஎஸ் இடங்களை வைத்தால் இரண்டும் பொருந்த வேண்டும். பல நேரம் பொருந்தாது, அதற்குக் காரணம் திருட்டுத்தனமும் இல்லை. ஓடுகிற கப்பல் ரேடார் படத்தில் தன் உண்மையான இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தள்ளித் தெரியும். கப்பல் ஓரிடத்தில், அதன் பின்னே எழும் நுரைத்தடம் வேறிடத்தில். செயற்கைக்கோள், கப்பல் இரண்டின் வேகமும் சேர்ந்து செய்யும் டாப்ளர் வேலை இது. இதைத் திருத்தாமல் ஒப்பிட்டால் நேர்மையான கப்பலெல்லாம் ‘காணாமல் போன’ பட்டியலில் சேர்ந்துவிடும்.

மூன்றாவது சாட்சி, வெளிச்சம். 2011இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபியிலும் அதன் பின்வந்த செயற்கைக்கோள்களிலும் விர்ஸ் என்ற கருவி இருக்கிறது. 2018 மார்ச் 11 குரங்கணித் தீயில் 23 உயிர்களைப் பறிகொடுத்த தேனி மாவட்டத்துக்கு இந்தக் கருவி அந்நியமல்ல. இந்திய வன அளவை நிறுவனம் காட்டுத்தீ எச்சரிக்கை அனுப்பப் பயன்படுத்தும் கருவிகளில் அதுவும் ஒன்று. அதன் வெப்ப அலைவரிசைகள் மலையில் தீயைத் தேடுகின்றன. பகல்-இரவு அலைவரிசை என்ற இன்னொன்று, நள்ளிரவுக்குப் பின் ஒன்றரை மணிவாக்கில் கடந்துபோகும்போது கடலில் மினுக்கும் படகு விளக்குகளைப் பதிவுசெய்கிறது.

இதைப் பாக் நீரிணைக்கு மேல் வைத்துப் பார்த்தால், முதலில் தெரிய வேண்டியது எது வழக்கம் என்பது. ராமேஸ்வரம் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்பது பல பத்தாண்டுப் பழைய ஏற்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகு கடலில் தெரிந்தால் சந்தேகிக்கலாம். ஆனால் நாட்டுப்படகுக்குத் தடையில்லை. அதே மே மாதத்தில் கன்னியாகுமரியின் மேற்குக் கரையில் விசைப்படகு போனாலும் குற்றமில்லை. அங்கே தடைக்காலம் ஜூன் 1இல்தான் தொடங்குகிறது. இலங்கைப் படகுக்கு நம் நாட்காட்டியே பொருந்தாது. எல்லா இரவும் ஒரே மாதிரியும் இல்லை. பௌர்ணமி நிலா கடலில் பட்டுத் தெறித்தால் விளக்கைப் பிரித்தறிவது கடினம்; மேகம் மூடினால் ஒன்றுமே தெரியாது. சிறு விளக்கோடு மடி இழுக்கும் படகு பல இரவுகளில் பதிவாகாது. பளிச்சென்று பதிவது, விளக்கைக் காட்டி மீனைக் கூட்டும் படகு. இந்தியப் பொருளாதார மண்டலத்தில் எல்இடி விளக்கு வைத்து மீன்பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்தது. எனவே அங்கே அளவுமீறிய வெளிச்சம் தெரிந்தால் இரண்டாம் முறை பார்க்கலாம்.

பொட்டிப்புரத்தில் கட்ட நினைத்த நியூட்ரினோ ஆய்வகமும் வழக்கமான இரைச்சலைக் கழித்துவிட்டுப் பார்க்கும் இதே கணக்கைத்தான் நம்பியிருந்தது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த அந்தத் திட்டம் மலைக்கடியைத் தேடி வந்ததற்குக் காரணம், வானிலிருந்து ஓயாமல் பொழியும் மியூவான் துகள்கள். எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை இருந்தால் அந்த இரைச்சல் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும். மிச்சத்தையும் அளந்து கழித்த பிறகே நியூட்ரினோவைப் பற்றிப் பேச முடியும். உள்ளூர் எதிர்ப்பும் வழக்குகளும் திட்டத்தை நிறுத்தி வைத்தன. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் அது வேண்டாம் என்றது. கடலை மூடப் பாறை கிடையாது. அங்கே இரைச்சலைக் கழிக்க ஒரே வழி, மூன்று நான்கு சாட்சிகளை ஒன்றோடொன்று மோதவிடுவது.

அப்படி மோதவிட்டதில் என் மதிப்பில் மிகச் சிறந்த வேலை, 2020 ஜூலையில் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்தது. ஜேயூன் பார்க் தலைமையிலான குழு வட கொரியக் கடலைப் பார்த்தது. அங்கே கணவாய் மீன்வளம் குறைந்துகொண்டே வந்தது. எலும்பும் தோலுமான மரப்படகுகள் ஜப்பான் கரையில் ஒதுங்கிக்கொண்டிருந்தன, சிலவற்றில் பிணங்களோடு. ஏஐஎஸ், ரேடார், விர்ஸ் வெளிச்சம், தெளிவான வண்ணப்படம் ஆகிய நான்கையும் அந்தக் குழு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது. ரேடார் படகின் அளவைச் சொன்னது, வெளிச்சம் மீன்பிடி முறையைச் சொன்னது, வண்ணப்படம் ஜோடியாக வலை இழுப்பதைக் காட்டியது, சில படகுகள் போட்ட ஏஐஎஸ் எங்கிருந்து வந்தன என்று சொன்னது. 2017இல் 900க்கும் மேற்பட்ட சீனப் படகுகள், 2018இல் ஏறத்தாழ 700. இரண்டு ஆண்டுகளில் பிடித்த கணவாயின் மதிப்பு 44 கோடி டாலர். பெரிய படகுகள் உள்ளே வந்ததால் சிறிய மரப்படகுகள் தாங்காத தூரத்துக்குத் துரத்தப்பட்டன என்பதுதான் ஒதுங்கிய படகுகளுக்கு அந்த ஆய்வு சொன்ன விளக்கம்.

2024 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழ் உலகத்துக்கே அந்தக் கணக்கைப் போட்டது. 2017 முதல் 2021 வரையிலான படங்களில் தெரிந்த பெரிய மீன்பிடிக் கப்பல்களில் நான்கில் மூன்று, பொதுத் தடப் பதிவில் இல்லவே இல்லை. அவற்றில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவையும் தெற்கு ஆசியாவையும் சுற்றி. ஏஐஎஸ் மட்டும் பார்த்தவர்களுக்கு ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் மீன்பிடி ஏறத்தாழ ஒரே அளவு என்று தோன்றியிருந்தது. ரேடாரைச் சேர்த்ததும் பத்து மீன்பிடிக் கப்பலுக்கு ஏழு ஆசியாவில் என்றானது.

இப்படித் தெரியாதவற்றை ஆங்கில ஏடுகள் ‘இருட்டுக் கப்பல்’ என்று அழைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஏஐஎஸ் வைத்திருக்க வேண்டிய கட்டாயமே நம் நாட்டுப்படகுக்கு இல்லை. கட்டாயம் உள்ள கப்பலும், கடற்கொள்ளைக்கு அஞ்சி கேப்டன் அணைத்தால் விதி அதை அனுமதிக்கிறது. நெரிசலான கடலில் ஆயிரக்கணக்கான கப்பல்கள் ஒரே நேரத்தில் பேசும்போது, மேலே போகும் செயற்கைக்கோளுக்குப் பல குரல்கள் கேட்காமலே போகும். அணைத்தவன், அணைக்கும்படி ஆனவன், வாங்கவே வசதியில்லாதவன் எல்லோரும் படத்தில் ஒரே வெள்ளைப் புள்ளிதான். 2017இல் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்ட ஆழ்கடல் படகுகள் எங்கே இருக்கின்றன என்று கரையில் யாருக்கும் சொல்ல முடியவில்லை. அவர்கள் ஒளிந்திருக்கவில்லை, கூப்பிட வழியில்லாமல் இருந்தார்கள்.

அந்தக் குறையைத் தீர்க்க 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் தரும் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் தடங்கள் அரசிடம் போகும், பொதுவெளிக்கு அல்ல. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நல்ல மீன் கிடைக்கும் இடம் படகுக்காரரின் சொத்து, எல்லைக்கோட்டருகே போகிறவருக்கு அது உயிர் விஷயமும்கூட. ஆனால் அவர் படகை இடித்துவிட்டுப் போகும் கப்பலின் தடம் பொதுவில் இருந்தே ஆக வேண்டும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோள். அதன் தரவும் இலவசம். உத்தமபாளையத்திலோ போடியிலோ படிக்கும் ஒரு மாணவி கைவைத்துப் பார்க்க நினைத்தால், தடைக்காலத்தின் முதல் வாரத்தையும் அதற்கு முந்தைய வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொடங்கலாம். நிலா எந்த நாள் என்று முதலில் காலண்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.