பாங்கு சொல்லும் கடிகாரத்துக்குள் என்ன இருக்கிறது?

நம்மில் பலரது வீடுகளில் பாங்கு சொல்லும் கடிகாரமோ குர்ஆன் ஓதும் சிறிய ஸ்பீக்கரோ இருக்கிறது. பழுதடைந்தால் வீசிவிட்டுப் புதிதொன்றை வாங்குகிறோம். ஆனால் அது இயங்கும் விதத்தை அறிந்தால், நம் பிள்ளைகளே இப்படியொன்றைச் செய்துவிடலாம்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. மைக் அதனை மின் அலையாக மாற்றுகிறது. அந்த அலையைச் செக்கனுக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 0 முதல் 255 வரையான ஓர் எண்ணாகச் சேமித்தால், தொலைபேசியில் கேட்கும் தரத்தில் குரல் பதிவாகிவிடும். அதே எண்களை அதே வேகத்தில் மின் அலையாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் குரல் திரும்பக் கேட்கும்.

சிக்கல் சேமிக்கும் இடத்தில்தான். ஓர் எண்ணுக்கு ஒரு பைட் என்றால் செக்கனுக்கு 8,000 பைட் தேவை. மாணவர்கள் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோவின் சிப்பில் நிரலுக்கான நினைவகமே 32 கிலோபைட்தான். நான்கு செக்கனில் அது நிரம்பிவிடும். மூன்று நிமிடப் பாங்குக்கோ 1.4 மெகாபைட் வேண்டும்.

எனவே ஒலியை எம்பி3 கோப்பாக மெமரி கார்டில் வைக்கிறார்கள். காதுக்கு எளிதில் புலப்படாத பகுதிகளை எம்பி3 களைந்துவிடுகிறது. 64 கிலோபிட் வேகத்தில் அதுவும் செக்கனுக்கு 8,000 பைட்தான் எடுக்கும். ஆனால் ஒலி மிகத் தெளிவு. 30 மணித்தியாலக் கிராஅத்துக்கு 864 மெகாபைட் போதும்.

எம்பி3யை வாசிப்பது ஊனோவின் சக்திக்கு மீறிய வேலை. அதற்கென டிஎஃப்பிளேயர் மினி என்ற சிறு தட்டு உண்டு. கார்டைச் செருகும் இடமும், சிறிய ஸ்பீக்கரை இயக்கும் பெருக்கியும் அதிலேயே உள்ளன. எந்தக் கோப்பை எப்போது ஒலிக்கவேண்டும் என்று கட்டளையிடுவதே ஊனோவின் வேலை. மின்சாரம் தடைப்பட்டாலும் நேரம் தவறாதிருக்க, நாணயம் போன்ற பற்றரியில் ஓடும் கடிகாரச் சிப் ஒன்றையும் சேர்க்கலாம்.

கடையில் வாங்கும் கருவி, தயாரித்தவர் பதிந்ததையே சொல்லும். நாம் செய்வது நம் தேவையைப் பேசும். எழுத்து வாசிக்கத் தெரியாத, பார்வை மங்கிய முதியவர்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! “உம்மம்மா, சீனிக் குளிசை போட்டீங்களா?” என்று பேரப்பிள்ளையின் குரலில் உரிய நேரத்தில் கேட்கும் பெட்டி அவர்களுக்கு எவ்வளவு உதவி!

குர்ஆன் பதிவைச் சேர்ப்பவர்கள், ஆயத்தின் நடுவே கோப்பு அறுந்துவிடாமலிருப்பதை ஒரு ஹாபிழிடம் கேட்டு உறுதிப்படுத்துவது அவசியம்.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. அதில் கற்ற இளைஞர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பாடசாலை விடுமுறையில் பள்ளிவாசல் மண்டபத்தில் அவர்களைக் கொண்டு ஒரு வகுப்பு நடத்த நிர்வாக சபைகள் முன்வரட்டும். முதியோருக்கு உதவி கிடைக்கும். பிள்ளைகளுக்குக் கைத்தொழிலும் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.